மெல்ல முடியாத நாள்களில்



ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைப்பது. நம் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளில் முன்னணியில் நிற்கும் மேல்வகுப்பு மாணவரும் ஏறக்குறைய அவ்வயதினரே. ஆதலால், ஓடுகளத்தில் நிற்க வேண்டிய காலத்திலே பல் வைத்தியரின் நாற்காலியில் அமர நேர்வது அரிய காரியமன்று. இடமின்றிச் சரிந்து முளைத்த பல்லை, முரசைக் கீறி, சிலவேளை எலும்பையும் சிறிது அகற்றி எடுக்கின்றனர். அதன்பின் சில நாள்களுக்கு வாயைத் திறப்பதே பெரும்பாடு; மெல்லுவது எங்ஙனம்?

இவ்வேளையில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. சேர்த்த வலிமை போய்விடுமே என்பது பிள்ளையின் அச்சம். புண் பழுத்துவிடுமே என்பது வீட்டாரின் அச்சம். முன்னையது பிள்ளையை வேளைக்கு முன்னரே களத்துக்கு இழுக்கிறது. பின்னையது அவனைப் பட்டினி போடுகிறது.

பல் இருந்த குழியிலே குருதி உறைந்து ஒரு மூடிபோல் அமைகிறது. அதன் கீழேதான் புதிய தசை வளரவேண்டும். கடும் பயிற்சியினால் குருதியழுத்தம் ஏறும்போது மீண்டும் இரத்தம் கசியலாம். உறைந்த மூடியும் குலையலாம். அம்மூடி போய்விட்டால் எலும்பு வெறுமையாகி, மூன்றாம் நாள் அளவிலே காதுவரை குத்தும் வலி தோன்றும். வாயால் உறிஞ்சுவதும் இதே தீங்கைச் செய்யும். இளநீர் நல்லதுதான், ஆயின் அதைக் குழல் வைத்து உறிஞ்சாது, குவளையில் ஊற்றிப் பருகுக. புகைத்தல் அறவே ஆகாது. முதல் நாள் வாயைக் கொப்பளிக்கவும் வேண்டாம். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரால் மெல்ல அலசலாம்.

இனி உணவு. நம் வீடுகளிலே புண் என்றதும் பத்தியம் தொடங்கிவிடுகிறது. மீன் கிரந்தி, முட்டை ஆகாது, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாய் விலக்கினால் எஞ்சுவது கஞ்சித்தண்ணீரே. 50 கிராம் அரிசியிற் காய்ச்சிய கஞ்சியில் இருக்கும் புரதம் மூன்று, நான்கு கிராம் மட்டுமே. நாளைக்கு நான்கு தடவை குடித்தாலும் 16 கிராமைத் தாண்டாது. 60 கிலோகிராம் நிறையுள்ள, பயிற்சி செய்யும் இளைஞனுக்கோ நாளொன்றுக்கு 70 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். புண்ணை ஆற்றும் தசையும் புரதத்தாலேயே ஆக்கப்படுகிறது. அது உணவிற் கிடையாதபோது, உடல் தன் சொந்தத் தசையைக் கரைத்தே எடுத்துக்கொள்ளும். ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தினால் முட்டையும் நல்லெண்ணெயும் உழுந்தங்களியும் ஊட்டி உடலைத் தேற்றும் அதே வீடு, பல்லுப் பிடுங்கிய பிள்ளையை வெறுங்கஞ்சியில் வைப்பது எனக்கு என்றும் வியப்பாகவே இருக்கிறது.

அரை லீற்றர் பாலில் ஏறக்குறைய 16 கிராம் புரதம் உண்டு. இரண்டு முட்டையில் 12. ஒரு பெரிய கோப்பைத் தயிரில் 7. உலர்ந்த நிலையில் 100 கிராம் நிறையுள்ள பாசிப்பயறு அல்லது உழுந்தைக் குழைய அவித்து மசித்தால் 24. முள் நீக்கி மசித்த மீன் 100 கிராமில் 20. இவற்றில் ஒன்றையேனும் மெல்லவேண்டியதில்லை. இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவைத்தால் நாவாலேயே நசுங்கும். குரக்கன் கூழிலே தேங்காய்ப்பாலைக் கெட்டியாகப் பிழிந்து விட்டால், சிறிய அளவிலேயே மிகுந்த சக்தி கிடைக்கும். வாய் நொந்தவன் ஒரே தடவையில் அதிகம் உண்ணமாட்டான் அல்லவா? பப்பாசியும் கனிந்த வாழைப்பழமும் உகந்தவை. உறைப்பும் கொதிசூடும் சில நாள் விலகியிருக்கட்டும். எள்ளும் குறுணியும் குழிக்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஒடியற்கூழ்ப் பிரியர்கள் சற்றே பொறுத்திருக்க வேண்டும்! வலி தணிக்கும் மாத்திரைகளுட் சில வெறுவயிற்றைப் புண்ணாக்கும். அதற்காகவேனும் உணவு முந்தவேண்டும்.

எங்கள் பாடசாலையில் 800 மீற்றர் ஓடும் மாணவன் ஒருவன், பல் எடுத்த நான்காம் நாளே யாருக்கும் சொல்லாமல் ஓடினான். வாய் நிறைய இரத்தத்தோடு திரும்பினான். விசாரித்தபோது, அந்த நான்கு நாளும் அவன் கஞ்சியைத் தவிர வேறொன்றும் உண்ணவில்லை என்று தெரியவந்தது. நிறை இரண்டு கிலோ குறைந்துவிட்டது, அதனால்தான் ஓடினேன் என்றான். முதற் சில நாள்களிற் குறையும் நிறையிற் பெரும்பங்கு தசையன்று. உடலில் சேமித்துள்ள மாச்சத்து, தன் நிறையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். மாச்சத்துச் செலவாகும்போது அந்நீரும் போய்விடுகிறது. உணவு திரும்பியதும் நிறையும் திரும்பும். ஒரு வார ஓய்வினால் ஓட்டக்காரனின் திறன் கரைந்துவிடுவதில்லை.

பந்து பட்டுத் தாடை முறிந்து, பற்களைக் கம்பியாற் பிணைத்துவிட்டால் நிலைமை கடினம். நான்கு முதல் ஆறு வாரம்வரை எல்லாவற்றையும் அரைத்து, வடித்துப் பருகவே நேரும். அங்கு மூன்று வேளை போதாது. ஆறு வேளையாகப் பகிர்ந்து கொடுத்து, வாரந்தோறும் நிறையைக் குறித்துவைத்தல் வேண்டும்.

பல் எடுத்தவர் முதல் மூன்று நாள் ஓய்ந்திருந்து, பின் மெல்ல நடக்கலாம். கசிவும் வீக்கமும் நீங்கி, வயிறார உண்ண முடிந்தபின், வைத்தியர் இசைந்தால், ஒரு வாரமளவில் வழக்கத்திற் பாதியளவு ஓடிப் பார்க்கலாம். பாரந்தூக்குவோர் இன்னுஞ் சில நாள் பொறுக்கவேண்டும். கீழ்த்தாடையில் ஆழமாக எலும்பை அகற்றியிருந்தால் அவ்விடம் சில வாரங்களுக்கு வலுக்குறைந்தே இருக்கும்; உதைபந்தாட்டத்துக்கும் கபடிக்கும் திரும்பும் நாளை வைத்தியரிடமே கேட்டறிக.