கணிப்பொறித் திரையில் ஊர் ஏரி

ஏரியைத் தூர் வார வேண்டுமென ஊராட்சி மன்றங்களில் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். ஆனால் அந்த ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது, வரத்துக் கால்வாய் எவ்விடத்தில் அடைபட்டது என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. கரைமீது நிற்பவர் கண்ணுக்கு அவ்வளவு தொலைவு எட்டாது. மேலிருந்து பார்க்கும் வசதியோ இன்று கட்டணமின்றிக் கிட்டுகிறது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கூகிள் எர்த்’ என்னும் உலக உருண்டை ஒன்று. நம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் தொடங்கிய ‘புவன்’ மற்றொன்று.

முதன்முதலில் திறப்பவர்கள் எல்லோரும் தம் வீட்டுக் கூரையைத்தான் தேடுகிறார்கள். தேடட்டும், கை பழகும்.

நான் பழகியது பாடியில். தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயரை இட்டதும் மேம்பாலத்தின் வளைவுகள் தெரிந்தன. அங்கிருந்து வடக்கே, இருப்புப்பாதையைக் கடந்தால் கொரட்டூர் ஏரி. அதற்கு மேற்கே அம்பத்தூர் ஏரி. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அதன் மிகுநீர் இரட்டை ஏரிக்கும் செல்வது பழைய அமைப்பு. இம்மூன்றையும் ஒரே திரையில் கண்டபோதுதான், ஓர் ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது பாதி வேலையே என்பது எனக்கு உறைத்தது. பாடி இன்று மாநகரத்தின் பகுதி. கால்வாய்களை ஒட்டி வீடுகள் நெருங்கிவிட்டன. உங்கள் ஊரில் இன்னும் இடம் இருக்கிறது.

கணிப்பொறியில் நிறுவும் ‘எர்த் ப்ரோ’ 2015 முதல் இலவசம். அதில் கடிகார வடிவப் பொத்தானை அழுத்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். மிகப் பழைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரத்தைக் குறிப்பதால் வீடு தெரியாது. ஏரியின் நீர்ப்பரப்பு தெரியும். அளவுகோல் பொத்தானைக் கொண்டு ஏரியைச் சுற்றிக் கோடிட்டால் பரப்பு ஏக்கரில் கிடைக்கும். அக்கோட்டைச் சேமித்துப் பொறியாளரிடம் கொடுக்கலாம்.

ஒரு தவறு நானே செய்தேன். நவம்பர் மாதப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டு, ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டதென்று கூட்டத்தில் முழங்கினேன். கோடையில் எந்த ஏரிதான் சுருங்காது? ஒரே மாதத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும். படம் எடுத்த தேதி திரையின் அடியில் இருக்கும். மேலும், இது நேரடிக் காட்சியன்று. மண் அள்ளும் லாரியை இன்றே இதில் பிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டா.

இப்படம் பட்டாவுக்கு ஈடாகாது. சில மீட்டர் தள்ளியும் இருக்கலாம். ஆக்கிரமிப்பு என்று ஐயம் எழுந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, நில அளவரை அழைத்து அளக்கச் செய்வதே முறை. எங்கே அளக்க வேண்டும் என்பதைத்தான் திரை காட்டும்.

அடுத்த கூட்டத்திற்கு முன் ஒரு மாலைப் பொழுதில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியின் முன் அமருங்கள். பக்கத்தில் ஒரு மூத்த விவசாயியும் இருக்கட்டும். திரையில் மங்கலாகத் தெரியும் அந்தக் கோடு எந்தக் கால்வாய் என்பது அவருக்குத்தான் தெரியும்.