மலர்விளக்கும் மறைந்த பெயரும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை வகுப்பிலே பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அரண்மனையுள் எரியும் விளக்கைப் பாடும் இடம் அது. பாவையொன்று கையில் ஏந்திய அகலில் நெய் சொரிந்து திரி கொளுத்துவர் என்றும், அப்பாவையை இயற்றினோர் யவனர் என்றும் நக்கீரர் கூறுவதை விளக்கி முடித்தேன். அப்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், அந்த விளக்கைச் செய்தவருடைய பேர் என்ன?” என்று வினவினாள்.

“யவனர்” என்றேன்.

“அது இனத்தின் பேர்தானே, சேர்?” என்றாள்.

வகுப்பு நகைத்தது, யான் நகைக்கவில்லை. முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்தும் இவ்வினா என் நெஞ்சில் எழாதது ஏன் என்று அன்று முழுதும் எண்ணினேன். எங்கள் திருக்கோவிலிலே கடலோரத்தில் விளங்கும் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்துக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தமாட ஆயிரமாயிரம் பேர் வருகின்றனர். அங்கு எரியும் விளக்குகளைத் தொழாதார் இலர். அவற்றை வார்த்த கை யாருடையது என்று கேட்பாரையோ யான் கண்டதில்லை.

நிற்க. அம்மாணவியின் வினாவுக்கு ஓரளவு விடையாக அமையத்தக்க வரலாறு ஒன்று கடல் கடந்த நாட்டில் உண்டு. அதனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அமெரிக்காவிலே நியூயோர்க் நகரில் லூயி கம்ஃபோர்ட் டிஃபனி (1848–1933) என்னும் கலைஞர் இருந்தார். பெயர்பெற்ற நகை வணிகரின் மைந்தர். ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்களில் உருவங்களின் முகத்தையும் ஆடை மடிப்பையும் கண்ணாடியின்மேல் வர்ணத்தால் தீட்டுவதே பெருவழக்கு. டிஃபனியோ, உருகிய கண்ணாடிக்குள்ளேயே பல நிறங்களைக் கலந்து, இதழின் மென்மையும் இலையின் நரம்பும் வானின் மங்கலும் அக்கண்ணாடியிலேயே அமைந்து கிடக்குமாறு செய்வதை விரும்பினார். அத்தகைய கண்ணாடியால் முதலிற் சாளரங்களும், பின்னர் விளக்குகளுக்கு மேற்கவியும் கூடுகளும் அவர் தொழிற்கூடத்தில் உருவாயின. கொன்றையின் சரம்போல் தொங்கும் விஸ்டீரியா மலர்க்கொத்து, பியோனி, தாமரை எனப் பூக்கள் பலவும் ஒளியிலே மலர்ந்தன.

அக்கூடு செய்யும் முறை கேட்டற்கு இனியது. முதலில் வடிவத்தை நீர்வர்ணத்தில் தீட்டுவர். பின்பு கவிழ்த்த கலம்போன்ற மர அச்சின்மேல் ஒவ்வோர் இதழின் எல்லையையும் வரைவர். ஒவ்வொரு துண்டுக்கும் பித்தளைத் தகட்டில் அளவுமாதிரி வெட்டி இலக்கமிடுவர். அடுத்தது தெரிவு. கண்ணாடிப் பாளத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இதழின் நுனிக்கு எந்த நிறப்பகுதி, அடிக்கு எப்பகுதி என்று கண்ணாலே துணியவேண்டும். பாளத்தை ஓரங்குலம் நகர்த்தினால் வாடிய இதழ் மலர்ந்த இதழாகும். வெட்டிய துண்டின் விளிம்பில் தேன்மெழுகு தடவி, மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றுவர். இறுதியில் மர அச்சின்மேல் துண்டுகளை அடுக்கிப் பற்றாசிட்டு இணைப்பர். விஸ்டீரியாக் கூடு ஒன்றிற்கு ஏறக்குறைய 2,000 துண்டுகள் வேண்டும். 1906ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் அதன் விலை 400 டொலர்.

இவற்றுள் தெரிதல், வெட்டுதல், செப்பு நாடா சுற்றுதல் என்பன பெண்களின் பணி. பற்றாசிட்டு இணைத்தல் ஆடவர் பணி. நம் காரைதீவிலே விபுலாநந்த அடிகள் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில் டிஃபனியின் தொழிற்கூடத்தில் பெண்கள் பகுதி தொடங்கப்பெற்றது. அதனை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர் ஓகையோ மாநிலத்துக் கிளாரா டிரிஸ்கொல் (1861–1944) என்னும் அம்மையார்.

மணமான பெண் அங்கே பணியாற்றலாகாது என்பது விதி. முதன்முறை மணம்புரிந்தபோது விலகிய கிளாரா, கணவரை இழந்தபின் மீண்டார். 1909இல் மறுமணம் செய்தபோது மீண்டும் விலகினார். பெண்களுக்கோ தொழிற்சங்கத்தில் இடமில்லை. 1903இல் ஆடவர் சங்கம் பெண்கள் பகுதிக்கு எதிராக எழுந்தது. முடிவில் அப்பகுதியில் வேலைசெய்வோர் தொகைக்கு வரம்பு கட்டப்பெற்றது. இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் அவர் படைத்தவை பல. தலைகீழாய்ப் பறக்கும் தும்பிகளைச் சுற்றிலும் வைத்து அவர் அமைத்த விளக்கு 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் பரிசு பெற்றது. (நூல்களில் தும்பி என்பது வண்டினம், எங்கள் ஊர்ச் சிறுவர் நூல் கட்டி விளையாடும் கண்ணாடிச் சிறகுடைய தும்பியே இங்குக் கருதப்படுவது.)

ஆயினும் உலகம் அவ்விளக்குகளை ‘டிஃபனி விளக்கு’ என்றே அழைத்தது. இன்றும் அவ்வாறே அழைக்கின்றது. மலர்வடிவங்கள் யாவும் டிஃபனியின் சிந்தையிற் பிறந்தவை என்றே நெடுங்காலம் நம்பினர். உண்மையை வெளிப்படுத்தியவை கடிதங்கள். கிளாரா தம் தாயாருக்கும் தங்கையருக்கும் எழுதிய குடும்பக் கடிதங்கள் ஆய்வாளர் பார்வைக்கு 2005ஆம் ஆண்டளவில் வந்தன. எந்த விளக்கை எவ்வாறு எண்ணினார், எந்தக் கண்ணாடியோடு மல்லாடினார் என்பன அவற்றுள் இருந்தன. 2007இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கம் அவரையும் அவருடன் உழைத்த பெண்களையும் முன்னிறுத்திக் கண்காட்சி நடத்திற்று. அவர் மறைந்து 63 ஆண்டுகள் கழிந்திருந்தன.

டிஃபனியைக் கள்வர் என்பது நீதியன்று. கண்ணாடியைக் கண்டவர் அவர். செலவை ஏற்றவர் அவர். கிளாராவின் திறமறிந்து தலைமையளித்தவரும் அவரே. ஆனால் ஒருவர் பெயரை எழுத இடமிருந்த பலகையில் இருவர் பெயரை எழுதவும் இடமிருந்ததன்றோ?

இவ்வாறு பிறர்மேல் வினாத் தொடுக்கும் தகுதி எனக்கு உண்டா என்று எண்ணியபோது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்து உறுத்திற்று. பல ஆண்டுகளுக்கு முன் பாடசாலைக் கண்காட்சி ஒன்றிற்காக என் மாணவியர் இருவர் மூங்கிற் சிம்பும் நிறத்தாளும் கொண்டு தாமரைக் கூடொன்று அமைத்தனர். குளத்திலிருந்து மெய்யான தாமரையைக் கொணர்ந்து, இதழிதழாகப் பிரித்து, அளவெடுத்து வெட்டியவர்கள் அவர்கள். யான் செய்ததெல்லாம் மாலையிற் கதவைப் பூட்டாது காத்திருந்தமையே. கூடு முதற்பரிசு பெற்றது. சான்றிதழ் பொறுப்பாசிரியராகிய என் பெயருக்கு வந்தது. பிழையென்று அறிந்தும், திருத்தக் கேட்பின் அலைச்சல் நேரும் என எண்ணி வாளாவிருந்தேன். அது சட்டமிட்டு என் வீட்டுச் சுவரில் தொங்கியது. அம்மாணவியர் ஒருநாளும் ஒன்றுஞ் சொல்லவில்லை. சொல்லாமையை இசைவென்று கொண்டது என் குற்றம்.

சென்ற மாதம் அதனைச் சுவரிலிருந்து இறக்கினேன். என் பெயருக்குக் கீழே, என் கையெழுத்தில், அவ்விருவர் பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதினேன். ஒருத்தி இப்பகுதியிலேயே ஆசிரியையாக இருக்கின்றாள். அவள் இல்லஞ் சென்று அதனைக் கையளித்தேன். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சேர், இதழ் வெட்டினது அவள்தான். நான் ஒட்டினது மட்டுந்தான். அதையும் சரியா எழுதுங்கோ” என்றாள்.

எழுதுகோலை மீண்டும் எடுத்து, அவள் சொன்னபடியே திருத்தினேன்.