சிறுகச் சிறுக வளரும் ரயில் தளம்

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணே நகருக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அது கடந்த தொலைவு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். அப்பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் நீளம் 390 மீட்டர் ஆகும். வீட்டில் மாதிரி ரயில் அமைப்போரில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவு இந்த 87இல் ஒரு பங்கே. ஆகவே, நம் நாட்டின் மிகக் குறுகிய பாதைகளுள் ஒன்றைக்கூட ஓர் அறைக்குள் முழுமையாக அமைத்துவிட இயலாது.

இப்பொழுதுபோக்கில் இறங்குவோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே. மனத்தில் தோன்றிய முழுப் பாதையையும் ஒரே மூச்சில் அமைக்க முற்பட்டவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர். தண்டவாளம் பதித்த பலகை பரணுக்குச் செல்கிறது; பெரும்பொருள் கொடுத்து வாங்கிய எஞ்சின் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. இதற்கு மாறாக, ஆண்டுதோறும் தளத்தை வளர்த்துச் செல்வோரும் உண்டு. இவ்விரு சாராரையும் வேறுபடுத்துவது கைத்திறனைக் காட்டிலும் திட்டமிடும் முறையே ஆகும். அம்முறையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

மாதிரி ரயில்களுக்குப் பல அளவுகள் வழக்கில் உள்ளன. உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது ‘எச்.ஓ.’ எனப்படும் 1:87 அளவு. இதன் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மி.மீ. அதனினும் சிறியது ‘என்’ எனப்படும் 1:160 அளவு. இதன் பாதை அகலம் 9 மி.மீ. மட்டுமே.

நம் நாட்டு ரயில்களை மாதிரியாக அமைக்க விரும்புவோர் இங்கு ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். எச்.ஓ. பாதை, 1,435 மி.மீ. அகலமுள்ள மேலைநாட்டுப் பாதையை அடிப்படையாகக் கொண்டது. நமது அகலப் பாதையின் அளவோ 1,676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. அந்த அகலத்தில் ஆயத்தத் தண்டவாளங்கள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே இந்திய ஆர்வலர் பலர் நமது பெட்டிகளின் உருவத்தை 16.5 மி.மீ. பாதையிலேயே ஓட விடுகின்றனர். ஏறத்தாழ 3 மி.மீ. வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டால் வேலை நடக்கும். பொறுக்க இயலாதவர் ஒவ்வொரு தண்டவாளத்தையும் தாமே இழைத்துப் பதிக்க நேரும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நன்று.

அடுத்து நீளம். இன்றைய எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 27.6 செ.மீ.; என் அளவில் 15 செ.மீ. 24 பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலை எச்.ஓ. அளவில் அமைத்தால் பெட்டிகள் மட்டுமே 6.6 மீட்டர் நீளும். நம் இல்லங்களில் பல கூடங்களுக்கே அந்த நீளம் இருப்பதில்லை. ஆனால் என் அளவில் ஓர் எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் 90 செ.மீ. நடைமேடைக்குள் அடங்கிவிடும். ஐந்து பெட்டிகளைக் கண்டாலே விரைவு ரயில் என்று கண் ஏற்றுக்கொள்கிறது என்பது ஆர்வலர்களின் பொது அனுபவம்.

ஒரு நிலையம் போதும்

இடம் சிறிதாயின், முழுப் பாதையை விடுத்து ஒரே ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. ஒரு முதன்மைப் பாதை, ரயில்கள் ஒன்றையொன்று கடந்து செல்ல ஒரு கிளைப் பாதை, சரக்குப் பெட்டிகளை நிறுத்த ஒரு முட்டுப் பாதை, ஒரு நடைமேடை ஆகியவை அமைந்தால் சிற்றூர் நிலையம் உருவாகிவிடும்.

இத்தகைய நிலையத்தை அமைப்பதில் மற்றொரு பயனும் உண்டு. 1992இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தின் கீழ் நாட்டின் மீட்டர் பாதைகளில் பெரும்பகுதி அகலப் பாதைகளாக மாற்றப்பட்டுவிட்டது. அவற்றோடு பழைய ஓட்டுக் கூரை நிலையங்களும் கைகாட்டி மரங்களும் தண்ணீர்க் குழாய்த் தூண்களும் பல ஊர்களில் மறைந்தன. அந்நிலையங்களில் பணியாற்றியோரும் அவற்றின் வழியே பள்ளி சென்றோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு, நிலைய அதிபரின் அறை எப்பக்கம் இருந்தது, வேப்பமரம் எங்கே நின்றது, தண்டவாளம் எந்த இடத்தில் பிரிந்தது என்பதைத் தாளில் வரைந்துகொண்டால், அது வேறெங்கும் கிட்டாத ஆவணமாகும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

மலை ரயில்களும் வீட்டுத் தளத்திற்கு ஏற்றவை. 1907இல் திறக்கப்பட்ட மாத்தேரான் பாதையும், உலகப் பாரம்பரியச் சின்னமான டார்ஜிலிங் பாதையும் 610 மி.மீ. அகலமே உடையவை. அவற்றின் ரயில்கள் குறுகியவை; வளைவுகள் நெருக்கமானவை. அறையின் குறுகலால் நாம் செய்ய நேரும் நெருக்கமான வளைவு, அங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது.

வளைவும் ஏற்றமும்

தளங்கள் தடைப்பட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இரு கணக்குகளே காரணம்.

முதலாவது வளைவு. எச்.ஓ. அளவில் பரவலாக விற்கப்படும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. அவ்வளவில் ஒரு வட்டம் அமைக்க ஒரு மீட்டருக்கும் அதிகமான அகலம் தேவை. நீளமான பெட்டிகளுக்கு அதனினும் விரிந்த வளைவு வேண்டும். இதனால்தான் பலர் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையை நாடுகின்றனர். ஆனால் மனிதனின் கை வசதியாக எட்டும் தொலைவு ஏறத்தாழ 75 செ.மீ.தான். பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் மறுபுறம் கவிழ்ந்த பெட்டியை எடுக்க வழியிருக்காது. அதைக் காட்டிலும், சுவரை ஒட்டி 45 முதல் 60 செ.மீ. அகலத்தில் அலமாரித் தட்டுப்போல் நீளும் தளம் இடத்தையும் அடைக்காது, கைக்கும் எட்டும்.

இரண்டாவது ஏற்றம். ஒரு பாதையை மற்றொன்றின்மேல் பாலமாகக் கொண்டுசெல்ல எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம் தேவை. மாதிரி எஞ்சின் தடுமாறாமல் இழுக்க, 100க்கு 2 என்னும் ஏற்றமே தகுந்தது. அப்படியாயின் 7.5 செ.மீ. உயர்வதற்கு 3.75 மீட்டர் நீளம் வேண்டும். இறங்குவதற்கு மேலும் அதே நீளம் வேண்டும். இக்கணக்கைப் போடாமல் பாலம் கட்டுவோர், எஞ்சின் பாதி வழியில் சக்கரம் வழுக்கி நிற்பதைக் கண்டு சோர்வடைகின்றனர். முதல் தளம் சமதளமாகவே இருப்பது நலம்.

எப்போதும் ஒரு ரயில் ஓடட்டும்

தளம் அமைப்பதில் வரிசை முக்கியம். முதலில் உறுதியான மரச்சட்டமும் பலகையும், அதன்மேல் ஓசையைக் குறைக்கும் கார்க் தாள், பின்னர் தண்டவாளம், அதன்பின் மின் இணைப்பு. பழைய முறையில் தண்டவாளத்திற்கு 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் தரப்படும். மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும். மின்முனைகள் மாறினால் திசை மாறும். ‘டி.சி.சி.’ எனப்படும் எண்முறைக் கட்டுப்பாட்டில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி எண் உண்டு. அதனால் ஒரே பாதையில் நிற்கும் இரண்டு எஞ்சின்களில் ஒன்றை மட்டும் இயக்க முடியும். ஒரே எஞ்சினுடன் தொடங்குவோருக்குப் பழைய முறையே போதுமானது.

தண்டவாளங்களை இணைக்கும் உலோகத் துண்டுகள் காலப்போக்கில் தளர்ந்து மின்சாரத்தைத் தடைசெய்யும். எனவே ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒருமுறை பலகையின் அடியிலிருந்து தனிக் கம்பி கொடுத்துப் பற்றவைப்பது வழக்கம். ஒரு தண்டவாளத்திற்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு என்று முதல் நாளே நிறம் பிரித்துக்கொண்டால் பின்னாளில் பழுது தேடுவது எளிது.

மின் இணைப்பு முடிந்தவுடன் சில வாரங்கள் ரயிலை ஓட்டிப் பார்ப்பதே அனுபவசாலிகளின் முறை. எந்த இணைப்பில் சக்கரம் தாவுகிறது, எங்கே எஞ்சின் தயங்குகிறது என்பவை அப்போதுதான் தெரியவரும். ஜல்லி பரப்பி, நீர் கலந்த வெள்ளைப் பசையை ஊற்றி இறுகவைத்த பின்னர் பிழை தெரிந்தால் பெயர்த்தெடுப்பது கடினம். மலை, மரம், வீடுகள் ஆகியவை அனைத்திற்கும் பின்னரே.

இவ்வரிசையின் சிறப்பு என்னவெனில், மூன்றாவது மாதத்திலோ நான்காவது மாதத்திலோ, வெறும் பலகையின்மேல் என்றாலும் ஒரு ரயில் ஓடத் தொடங்கிவிடும். மெதுவாக ஓட்டினால் சிறு தளமும் நிறைவு தரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிலையத்திற்குள் நுழையும் ரயிலை 87இல் ஒரு பங்காகக் கணக்கிட்டால், 1.8 மீட்டர் பலகையைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 19 நொடிகள் ஆகும். ஓடும் ரயில் வீட்டில் இருக்கும்வரை அடுத்த வேலைக்கான ஊக்கம் குறைவதில்லை.

மழையும் வெயிலும்

நமது தட்பவெப்பநிலையும் கருத்தில் கொள்ளத்தக்கது. மழைக்காலத்து ஈரத்தில் தரம் குறைந்த பலகை வளையும்; ஆகவே பலகையின் இருபுறமும் விளிம்புகளிலும் வண்ணம் பூசி அடைக்க வேண்டும். கோடை வெப்பத்தில் உலோகம் நீளும். ஆகவே தண்டவாள இணைப்புகள் சிலவற்றில் மெல்லிய இடைவெளி விட வேண்டும். பித்தளைத் தண்டவாளம் விரைவில் கறுத்து மின்தொடர்பைக் கெடுக்கும். ‘நிக்கல் சில்வர்’ தண்டவாளம் அதனினும் மேலானது. தூசி மிகுந்த வீடுகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அடிக்கடி துடைப்பதும், ஓடாத வேளைகளில் துணியிட்டு மூடுவதும் தேவை.

செலவைத் திட்டமிடுதல்

எஞ்சின்களும் தண்டவாளங்களும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. பொம்மைகளும் மாதிரி ரயில்களும் அடங்கிய இனத்திற்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. ஆதலால் வெளிநாட்டு விலையை மட்டும் கண்டு வாங்க முற்படுவோர் இறுதித் தொகையைக் கண்டு திகைக்க நேரும். பொருளை வரவழைக்கும் முன் வரியையும் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

செலவில் பெரும்பகுதி எஞ்சினிலும் தண்டவாளத்திலும் அடங்கிவிடும். கட்டடங்களை அட்டையிலும் மெல்லிய மரத்தகட்டிலும் வீட்டிலேயே செய்யலாம். உலர்ந்த செடித் தண்டு மரமாகும். சலித்த ஆற்று மணல் தரையாகும். மாதந்தோறும் இவ்வளவு என ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அது சேர்ந்த பின்னரே அடுத்த எஞ்சினை வாங்குவது நல்லது. கடனட்டையின் தவணையில் ஐந்து எஞ்சின்களை வாங்கி வைத்துவிட்டு, அவற்றை ஓட்டப் பாதையின்றி இருப்பதில் பயனில்லை.

ஒரு சிறு தளத்தின் வரலாறு

மாதிரி ரயில் உலகில் பெரிதும் மதிக்கப்படும் பெயர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரே நகரில், தம் வீட்டின் நிலவறையில் அவர் அமைத்த தளம் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வளர்ந்தது. தரையிலிருந்து கூரையை நோக்கி எழும் மலைகளும், பள்ளத்தாக்குகளைத் தாண்டும் பாலங்களும் அதன் சிறப்புகள். ஆயினும் அவர் முதலில் அமைத்தது ஏழடி நீளத்தையும் எட்டாத ஒரு சிறு தளமே. அதை அவர் கைவிடவில்லை; பின்னர் எழுந்த பெருந்தளத்தின் ஒரு பகுதியாக அதை அப்படியே இணைத்துக்கொண்டார்.

1973 ஜனவரியில் ஆலன் காலமானார். அடுத்த சில நாள்களிலேயே நிகழ்ந்த தீ விபத்தில் அத்தளத்தின் பெரும்பகுதி அழிந்தது. இன்று நாம் அதை அறிவது பெரிதும் அவர் எடுத்த நிழற்படங்களின் வாயிலாகவே. இதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. அறையை விட்டு வெளியேறும்போது தளத்தின் முதன்மை மின்விசையை அணைப்பது ஒன்று. தளத்தின் வளர்ச்சியைப் பதிவுசெய்து வைப்பது மற்றொன்று.

பதிவுக்கு ஒரு குறிப்பேடு போதும். மாதம் ஒருமுறை அதே மூலையிலிருந்து ஒரு படம். அம்மாதம் செய்த வேலை. வாங்கிய பொருள், அதன் விலை. கண்ட பழுது, அதைத் தீர்த்த வழி. ஒரு மாதத்தில் பெரிதாக ஏதும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆண்டின் இறுதியில் பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, சேமிப்புக் கணக்கின் ஏட்டைப் புரட்டுவது போன்ற நிறைவு உண்டாகும்.

தொடங்கும் முன் நேரில் கண்டு வர விரும்புவோருக்கு, புனே நகரின் கோத்ரூடு பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் உள்ளது. தனியொருவரின் ஆர்வம் எத்துணை விரிவான தளமாக வளர இயலும் என்பதை அங்கே காணலாம். உண்மையான பழைய எஞ்சின்களை அருகில் நின்று நோக்க, புதுதில்லியில் 1977 முதல் இயங்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம் உதவும்.

அதற்கு முன்னரே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. வரும் விடுமுறை நாளில் உங்கள் வீட்டில் ஒதுக்கக்கூடிய சுவரின் நீளத்தை அளந்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழே, நீங்கள் நன்கறிந்த ஒரு நிலையத்தின் பெயரை எழுதுங்கள். அந்த நீளத்திற்குள் அந்நிலையத்தின் எந்தப் பகுதி அடங்கும் என்பதை வரைந்து பார்ப்பதே தளத்தின் தொடக்கம்.