ரேடியேட்டர் விரிசல் கியர்பாக்ஸை எப்படிக் கெடுக்கிறது?

2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகளை வாங்கிய அமெரிக்கர்கள் பலர் ஒரே புகாரைச் சொன்னார்கள். ஓடும்போது வண்டி குலுங்கியது, கியர் நழுவியது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்புக் குழம்பு!

கியர்பாக்ஸில் கோளாறு என்றால் ரேடியேட்டரை ஏன் பார்க்க வேண்டும்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் கடுமையாகச் சூடாகும். அதைத் தணிக்க ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே சிறு எண்ணெய்க் குழாய் ஒன்றை வைக்கிறார்கள். குழாய்க்குள் எண்ணெய், வெளியே எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். நடுவே மெல்லிய உலோகச் சுவர் மட்டும்.

இந்த வண்டிகள் பலவற்றில் அந்தக் குழாய் விரிசல் விட்டது. எண்ணெயும் கூலன்டும் கலந்ததே ரேடியேட்டரில் தெரிந்த இளஞ்சிவப்புக் குழம்பு. எஞ்சினை அணைத்ததும் எண்ணெயின் அழுத்தம் உடனே விழுந்துவிடும். சூடான கூலன்டின் அழுத்தமோ சற்று நேரம் நீடிக்கும். அந்த இடைவெளியில் கூலன்ட் எண்ணெய்க்குள் புகுகிறது. கியர்பாக்ஸ் கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கூலன்டில் உள்ள தண்ணீரும் கிளைக்காலும் பட்டால் பட்டை ஊறி உரிந்துவிடும். அதன்பின் எண்ணெயை மாற்றினாலும் பெரும்பாலும் பயனில்லை. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியதுதான்.

நிசான் முதலில் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைலாக நீட்டித்தது. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தபின் அது 10 ஆண்டு அல்லது 1,00,000 மைலானது. ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகளில் செலவின் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க நேர்ந்தது. அது நியாயமல்ல. பழுது உற்பத்தியில் இருந்தது, ஓட்டியவரிடம் அல்ல.

உரிமையாளர்கள் சிலர் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றினார்கள். சிலர் எண்ணெய்க்குத் தனிக் கூலரைப் பொருத்தி, இரண்டு திரவங்களையும் அடியோடு பிரித்துவிட்டார்கள்.