நஞ்சை அறிவோம்! நலம் காப்போம்!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை விளக்கி எழுதுக என்று தேர்வில் கேட்டால் நாம் அனைவரும் எழுதிவிடுவோம். ஆனால் இந்த ஒரு வரியையே வாழ்நாள் முழுவதும் ஆராயும் துறை ஒன்று உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு நஞ்சியல் என்று பெயர். ஆங்கிலத்தில் டாக்ஸிகாலஜி என்பார்கள். அத்துறையில் ஆய்வு செய்து முதுநிலைப் பட்டம் பெறுவது எப்படி, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை என் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அம்மா கேட்ட கேள்வி

என் தம்பிக்கு நான்கு வயது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவனுக்கு நல்ல இருமல். அந்த நாட்களில்தான் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள்! அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்று அப்பா செய்தித்தாளில் படித்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது வேறு மருந்துதான். ஆனாலும் அம்மா அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "டாக்டர் எழுதிக் கொடுத்தார், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், நான் ஊற்றிக் கொடுக்கிறேன். இதற்குள் என்ன இருக்கிறது, அது பிள்ளைக்கு என்ன செய்யும் என்று பார்ப்பது யார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அது என்ன படிப்பு என்று நீயே தேடிப் படித்துவிட்டு வந்து வகுப்பில் சொல்" என்றார்கள். அப்படித் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நஞ்சியல் என்றால் என்ன?

பாம்பு, தேள், அரளி விதை ஆகியவற்றைப் பற்றிய படிப்பு என்றே நான் முதலில் நினைத்திருந்தேன். அவையும் இதில் அடங்கும். ஆனால் நஞ்சியல் அவற்றோடு நின்றுவிடுவதில்லை. நாம் விழுங்கும் மாத்திரை, வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, தொழிற்சாலைப் புகை, உணவில் சேர்க்கும் சாயம் ஆகிய யாவும் இத்துறைக்குள் வருகின்றன.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவர், ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்பதை அதன் அளவே தீர்மானிக்கிறது என்ற கருத்தை ஐரோப்பாவில் எடுத்துரைத்தார். நம் பழமொழியும் அதைத்தானே சொல்கிறது! பாரசிட்டமால் மாத்திரையைப் பாருங்கள். உரிய அளவில் காய்ச்சலைத் தணிக்கும். அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

ஆகவே "இது நஞ்சா?" என்ற ஒரே கேள்வியோடு நஞ்சியலார் நிறுத்துவதில்லை. எவ்வளவு? எந்த வழியாக உடலுக்குள் சென்றது? வாய் வழியா, மூச்சு வழியா, தோல் வழியா? எத்தனை நாட்கள்? யாருக்கு? குழந்தைக்கா, கருவுற்ற தாய்க்கா? எந்த உறுப்பைத் தாக்கும்? இத்தனை கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

ஒரே நஞ்சு, பல ஊர்கள்

குழந்தைகளைக் கொன்ற அந்த நஞ்சின் பெயர் டை எத்திலீன் கிளைக்கால். அது நிறமற்றது, குழகுழப்பானது, இனிப்பானது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் கிளிசரின் போன்ற நல்ல திரவங்களைப் போலவே தோன்றும். விலையும் மலிவு. தொழிற்சாலை வேலைகளுக்கு உரிய இத்திரவம் கலப்படத்தாலோ கவனக்குறைவாலோ மருந்தில் சேர்ந்துவிடுகிறது. உடலுக்குள் சென்றதும் வேறொரு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கிறது. மருந்தில் இது 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 2025ஆம் ஆண்டில் பிடிபட்ட மருந்தில் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழகத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது.

இது புதிய நஞ்சன்று. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்ஃபா மருந்து ஒன்றை இத்திரவத்தில் கரைத்து விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1986இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றிலும், 1996இல் ஹெய்ட்டியிலும், 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் இதே நஞ்சு மீண்டும் மீண்டும் உயிர்களைக் குடித்தது. ஒரு தலைமுறை கற்ற பாடத்தை அடுத்த தலைமுறை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"திரு. ஓல்டம் அவர்களுக்கு"

1937இல் அத்திரவத்தை ஆராய்ந்த ஆய்வுக்கூடங்களில் ஒன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங் நடத்தியது. அங்கே எலிகளைக் கவனித்து வந்தவர்களில் ஓர் இளம்பெண்ணும் இருந்தார். அவர் பெயர் பிரான்சஸ் ஓல்டம். 1914இல் கனடா நாட்டில் பிறந்தவர். அந்நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1935இல் மருந்தியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். மருந்தியலும் நஞ்சியலும் உடன்பிறந்த சகோதரிகள் எனலாம். ஒரு பொருள் செய்யும் நன்மையை ஒருத்தி பார்ப்பாள், தீமையை மற்றொருத்தி பார்ப்பாள்.

அவர் சிகாகோ சென்றதே ஒரு வேடிக்கையான கதை. வேலை கேட்டுக் கைலிங்கிற்குக் கடிதம் எழுதினார். இடம் தருவதாகப் பதில் வந்தது. ஆனால் அது "திரு. ஓல்டம் அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தது! பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட்டார் பேராசிரியர். தாம் பெண் என்று தெரிவிக்க வேண்டுமோ என்று பிரான்சஸ் தயங்கினார். மக்கில் பேராசிரியரோ, கையெழுத்துக்குப் பின் 'செல்வி' என்று போட்டு அனுப்பிவிட்டுப் புறப்படும்படி சொன்னாராம். பிரான்சஸும் அவ்வாறே செய்தார்.

மணமான பின் பிரான்சஸ் கெல்சி என்று அழைக்கப்பட்ட அவர், 1960இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் மேசைக்கு வந்த முதல் விண்ணப்பங்களுள் ஒன்று தாலிடோமைட் என்னும் தூக்க மாத்திரை பற்றியது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து அது. அனுமதி கொடுத்தால் என்ன என்று கம்பெனியார் பலமுறை வற்புறுத்தினார்கள். "சான்றுகள் போதவில்லை" என்று ஓராண்டுக்கும் மேலாகத் திருப்பித் திருப்பி எழுதினார் கெல்சி. 1961ஆம் ஆண்டின் இறுதியில் உண்மை வெளிப்பட்டது. அம்மாத்திரையைக் கருவுற்ற காலத்தில் உண்ட தாய்மார்களுக்குக் கைகால் வளர்ச்சியற்ற குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் அவ்வாறு பிறந்தவர்கள் பதினாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவிலோ அம்மாத்திரை கடைக்கே வரவில்லை. 1962இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டினார். 2015இல் தம் 101ஆம் வயதில் அவர் மறைந்தார்.

"போதாது" என்ற ஒரு சொல்லைத் துணிந்து சொல்லும் திறம் அவருக்கு எங்கிருந்து வந்தது? மாணவியாக இருந்தபோதே ஆய்வுக்கூடத்தில் சான்று என்றால் என்ன என்று தம் கையாலேயே கற்றதால் வந்தது என்பது என் எண்ணம்.

ஆய்வுப் பட்டத்தில் என்ன செய்வார்கள்?

முதுநிலைப் பட்டம் இருவகை. ஒன்று, பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதிப் பெறுவது. மற்றொன்று, பாடங்களோடு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தாமே சோதித்து, ஆய்வேடு எழுதிப் பெறுவது. இரண்டாவதே ஆய்வுப் பட்டம்.

முதலில் வேண்டியது கேள்வி. அது சிறியதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வயலில் தெளிக்கும் ஒரு பூச்சிக்கொல்லி மழைநீரோடு குளத்தில் கலந்தால் மீன்குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்று கேட்கலாம். அடுத்து, வழிகாட்டும் பேராசிரியரின் துணையோடு, அதைப் பற்றி முன்பே பிறர் கண்டறிந்தவற்றையெல்லாம் படிக்க வேண்டும்.

பிறகு சோதனை. சில தொட்டிகளில் நல்ல நீர் மட்டும். மற்றவற்றில் மருந்தைக் குறைவாக, நடுத்தரமாக, மிகுதியாகக் கலக்க வேண்டும். உணவும் வெப்பமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நல்ல நீர்த் தொட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது இல்லாவிட்டால், மீன் இறந்தது மருந்தாலா அல்லது வேறு நோயாலா என்று எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர்.

கண்டதையெல்லாம் அன்றன்றே ஏட்டில் பதிய வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. விடையை முன்பே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவுகளைச் செய்முறை ஏட்டில் எழுதியவள்தானே நான்! (சிஸ்டர் மன்னிப்பார்களாக.) எதிர்பார்த்த விளைவு வராவிட்டால் "வரவில்லை" என்றே ஆய்வேட்டில் எழுத வேண்டும். அதுவும் ஒரு விடைதான். இறுதியில் அறிஞர்கள் முன் அமர்ந்து அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வாய்மொழியாக விடையளித்தால் பட்டம் கிடைக்கும்.

"வாயில்லாச் சீவன்களை வதைப்பது பாவம் அல்லவா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. எலி, முயல் போன்ற விலங்குகளைக் கொண்டு சோதனை செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் மூன்று கட்டளைகளை வகுத்தனர். வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர், வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. கண்ணாடிக் கலங்களில் வளர்க்கும் உயிரணுக்களும் கணிப்பொறியும் இன்று பல சோதனைகளுக்குக் கைகொடுக்கின்றன.

நாம் எப்படிச் சேரலாம்?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுக்க வேண்டும். அதன்பின் பி.பார்ம்., கால்நடை மருத்துவம், உயிர்வேதியியல், விலங்கியல் போன்ற பல வாயில்கள் உண்டு. மருந்தாக்கம் படித்தவர்கள் தகுதித் தேர்வும் நுழைவுத் தேர்வும் எழுதி, மொகாலி முதலிய ஊர்களில் உள்ள நைப்பர் எனப்படும் தேசிய மருந்துக் கல்வி நிறுவனங்களில் மருந்தியலும் நஞ்சியலும் படிக்கலாம். அங்கே இரண்டாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கே உரியது. கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இத்துறையில் எம்.வி.எஸ்சி. பட்டம் உண்டு. புது தில்லி ஜாமியா ஹம்தர்தில் நஞ்சியலுக்கென்றே எம்.எஸ்சி. உள்ளது. மேலும் ஆராய விரும்புவோருக்கு 1965இல் தொடங்கப்பெற்ற லக்னோ நஞ்சியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. படித்தவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளிலும், தடய அறிவியல் கூடங்களிலும், அரசின் கட்டுப்பாட்டுத் துறைகளிலும் பணிகள் உள்ளன.

முடிவுரை

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, "பெண் பிள்ளைக்கு இந்த விஷப் படிப்பு எதற்கடி?" என்றார் பாட்டி. நான் பதில் சொல்லும் முன் அம்மா சொன்னார்: "அத்தை, அடுப்படியில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று தினமும் அளவு பார்ப்பது நாம்தானே? அவள் அதைத்தான் கொஞ்சம் பெரிதாகப் படிக்கப் போகிறாள்." பாட்டி சிரித்துவிட்டார்.

அம்மாவின் அன்றைய கேள்விக்கு இன்று எனக்கு விடை தெரியும். புட்டிக்குள் இருப்பதை அளந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டும். எந்த அளவு தீங்கு செய்யும் என்று முன்பே ஆராய்ந்து சொல்பவர் ஒருவர் வேண்டும். போதாத சான்றைப் போதாது என்று சொல்ல அஞ்சாதவர் ஒருவர் வேண்டும். அந்த இடங்கள் காலியாக இருந்தால் எங்கோ ஒரு தொட்டில் காலியாகிவிடும்.

தோழியரே! அந்த இடங்களில் ஒன்றில் நான் அமர விரும்புகிறேன். உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?