நரி ஏன் வேலியின் அடியிலேயே தோண்டுகிறது?

பெரிய காதுகள் கொண்ட ஃபென்னெக் நரியின் காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "டீச்சர், வீட்டுக்குப் பின்னால் கூண்டு கட்டி இதை வளர்க்கலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். முதலில் பெர்ஹிலித்தானைக் கேள் என்றேன். பட்டியலிடப்பட்ட வனவிலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவன் விடவில்லை. "உரிமம் கிடைத்தால், கூண்டு எப்படி இருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோழிக்கூண்டு தெரியும். மூசாங் கூரை வழியாக இறங்கும். மலைப்பாம்பு சிறு இடுக்கில் நுழைந்து கோழியை விழுங்கிவிடும். பிறகு வயிறு பருத்துப்போய், வெளியே வர முடியாமல் அங்கேயே கிடக்கும். கோழிக்கூண்டு வெளியே இருப்பதைத் தடுக்கிறது. நரிக்கூண்டோ உள்ளே இருப்பதைத் தடுக்க வேண்டும். விதி ஒன்றுதான், திசை மட்டும் மாறும்.

நரி வளை தோண்டி வாழும் விலங்கு. வேலியைக் கண்டால் மூக்கை வலையில் வைத்து, நின்ற இடத்திலேயே தோண்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டினால் வேலிக்கு அடியில் புகுந்துவிடலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே கம்பிவலையின் அடிப்பகுதியை உள்பக்கமாக மடக்கி, அரை மீட்டருக்குக் குறையாமல் தரையில் படுக்கவைத்து, மேலே மண் போடுவார்கள். தோண்டும் நகம் வலையில் மாட்டும். ஈப்போ சுற்றுவட்டாரத்தில் இது இன்னும் முக்கியம். பழைய ஈயச் சுரங்க மணல் கிடக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டுவது மிகச் சுலபம்.

ஏறுவதை எப்படித் தடுப்பது? தென் ஆஸ்திரேலியாவின் 'ஏரிட் ரிக்கவரி' காப்பகத்தில் நரிகள் உள்ளே வராமலிருக்கப் பல வேலிகளைச் சோதித்தார்கள். 180 சென்டிமீட்டர் உயர வேலியின் உச்சியில், 60 சென்டிமீட்டர் வலை வெளிப்பக்கமாக வளைந்து தளர்வாகத் தொங்கும் அமைப்பு நன்றாக வேலை செய்தது. ஏறுகிற விலங்கின் எடைக்கு வலை ஆடுகிறது, பிடி கிடைப்பதில்லை. நம் கூண்டுக்கு அந்த வளைவு உள்பக்கம் இருக்க வேண்டும். சிறிய கூண்டென்றால் பேசாமல் மேலேயும் வலை போட்டு மூடிவிடலாம். கிளை முறிந்து விழும் மரத்தடி மட்டும் வேண்டாம்.

கடையில் கிடைக்கும் மெல்லிய கோழி வலை போதாது. நரி கடித்து இழுக்கும். பற்றவைத்த, துத்தநாகம் பூசிய தடித்த கம்பிவலை வேண்டும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் நம் மழையில் அந்தப் பூச்சும் ஒரு நாள் தீர்ந்துபோகும். மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். மாதம் ஒருமுறை அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள்.

கதவு ஒன்று இருந்தால் போதாது, இரண்டு வேண்டும். முதல் கதவைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். உணவுத் தட்டோடு நுழையும்போது காலிடுக்கில் நழுவும் விலங்குக்கு வலையின் பலம் ஒரு பொருட்டே அல்ல.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றைக் கூண்டால் மாற்ற முடியாது. ஃபென்னெக் சஹாரா பாலைவனத்து விலங்கு. வெயிலில் வேகமாக மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கும். வறண்ட காற்றில் ஈரம் விரைவாக ஆவியாகும். ஈப்போவின் பிற்பகல் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. கொடியில் போட்ட துணி மழைநாளில் காயாததற்கும் இதுதான் காரணம்.

மாணவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியென்றால் கோழி வளர்க்கிறேன், டீச்சர்," என்றான். அடிவலையை வெளிப்பக்கம் மடக்கச் சொல்லி அனுப்பினேன்.