சவலைப் பிள்ளையும் கணக்கேடும்

‘சவலை’ என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிய சொல். கைக்குழந்தை பால் மறக்கும் முன்னரே தாய் மீண்டும் கருவுற்றால், பால் வற்றி மூத்த பிள்ளை மெலியும். அதனைச் ‘சவலைப் பிள்ளை’ என்றும், ‘சவலை பாய்ந்துவிட்டது’ என்றும் கூறுவர். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், கா மொழி பேசும் மக்களும் இதற்கு நிகரான சொல் ஒன்றை வைத்திருந்தனர். அடுத்த குழந்தை வந்ததும் ஒதுக்கப்படும் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அங்குப் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் அந்நோயை 1933-இல் விளக்கி எழுதினார்; 1935-இல் ‘லான்செட்’ இதழில் அம்மக்களின் சொல்லையே நோய்ப்பெயராகச் சூட்டினார். ‘குவாஷியோர்க்கர்’ என்று உலக மருத்துவ நூல்களில் இன்றும் வழங்குவது அச்சொல்லே.

கடல் கடந்த இரு மக்கள் ஒன்றையே கண்டு பெயரிட்டமை மொழியாசிரியர்க்கு வியப்பளிக்கும். ஆயினும் பெயரிடுதல் பாதி வேலையே. இவ்வூரில் சவலைப் பிள்ளைகள் எத்தனை பேர், நூற்றுக்கு எத்தனை என்று அறிதல் மறுபாதி. போரும் வெள்ளமும் பஞ்சமும் வந்து மக்கள் இடம்பெயரும் காலத்தில் எந்த முகாமுக்கு எவ்வளவு உணவு என்பதை அந்த எண்ணே முடிவு செய்கிறது. எண் பிழைத்தால் பிள்ளை பிழைப்பது அரிது.

அம்மையார் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். 1939-இல் இந்நகரின் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் பேசினார். சர்க்கரை கலந்த டப்பிப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று கூறி ஏழைத் தாய்மாரிடம் விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்பது அப்பேச்சின் சாரம். (சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நம்மவர் மாடு கறந்து வீடுவீடாகப் பால் ஊற்றிய காலம் அது. அருகிலிருந்த மகப்பேற்று மருத்துவமனையின் பெயரான ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதற்கே மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். டப்பிப்பாலின் விளம்பரம் தொழுவத்துப் பாலையும் தாய்ப்பாலையும் ஒருங்கே வென்றது போலும்.)

சப்பானியர் ஆட்சியில் அம்மையார் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன. 20-உம் தாய்ப்பால் குடித்தன. 20-உம் பிழைத்தன என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு. இதனை நான் ஒரு கணக்காகவே மதிக்கிறேன். பிறந்தவை எத்தனை என்று தெரிந்தமையால்தான் பிழைத்தவை எத்தனை என்பதற்குப் பொருள் உண்டாயிற்று.

சிறைக்கு வெளியே அத்தகைய தெளிவு இல்லை. 1945 செப்டம்பரில் போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது அரிசி அரிதாய் இருந்தது. 1946 சூனில் சமூக நலத் துறை அமைந்தது; 1947 தொடக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கு இலவசமாக உணவளிக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் தொண்டாற்றிய கான்ஸ்டன்ஸ் கோ அம்மையார் அங்குக் கண்ட பசி முகங்களை மறக்க இயலாமலே 1949-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்ற முன்னின்றார். தொண்டில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால் அந்நிலையங்கள் திறந்த நாளில் சிங்கப்பூரில் எத்தனை பிள்ளைகள் இருந்தனர்? யாருக்கும் தெரியாது. முந்திய குடிக்கணக்கு 1931-இல் எடுத்தது. 1941-இல் எடுக்கவேண்டியது போரால் நின்றது. 9 இலட்சத்து 38 ஆயிரம் பேர் என்று அடுத்த கணக்கு காட்டியது 1947 செப்டம்பரில்தான். அதுவரை அறியக்கூடியது தட்டுக் கணக்கு. பிள்ளைக் கணக்கு அன்று. இன்று 300 தட்டுகள் பரிமாறினோம் எனலாம்; வராமல் வீட்டில் கிடந்த பிள்ளை எத்தனை என்று கூற இயலாது.

இவ்வேறுபாடு ஆசிரியர்க்குப் புதிதன்று. வருகைப் பதிவேட்டில் வந்தவனுக்கு ஒரு குறி; வராதவனுக்கும் ஒரு குறி. வராதவன் பெயரையே நீக்கிவிட்டால் வருகை நூற்றுக்கு நூறு ஆகிவிடும்! தோட்டப் பள்ளியில் இருப்பவன் நான். விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் படிப்பதும் இம்முறையே. செக்ரோலில் இல்லாதவனுக்குச் சம்பளமும் இல்லை. அவன் காணாமற்போனால் தேடுவாரும் இல்லை. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்ட மக்களுள் மாண்டவர் எத்தனை பேர் என்று இன்றும் மதிப்பீடாகவே கூறுகிறோம். ஒழுங்கான பேரேடு இருந்திருந்தால் மதிப்பீடு வேண்டியதில்லை.

அதனால்தான் இடர்க்காலத்தில் கணக்கெடுப்போர் உணவு நிலையத்தில் அமர்ந்து வருவோரை எண்ணுவதில்லை. குடிசைகளையும் கூடாரங்களையும் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, அங்கே சென்று, 6 திங்கள் முதல் 59 திங்கள் வரையுள்ள பிள்ளைகளை அளக்கின்றனர். கருவிகள் எளியவை: தராசு, உயரப் பலகை, மேற்கையின் நடுவில் சுற்றும் நாடா. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை பிள்ளையின் கைச்சுற்றளவு மிகுதியாக மாறுவதில்லை. ஆகவே வயது சரியாகத் தெரியாத இடத்திலும் நாடா உதவும். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான மெலிவு, 12.5-க்குக் குறைந்தால் நடுத்தர மெலிவு. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பயாஃப்ராப் போர் நடந்தபோது குவேக்கர் தொண்டர்கள் ஒரு கோலில் உயரத்துக்கேற்ற கைச்சுற்றளவைக் குறித்துவைத்து, பிள்ளையை அருகில் நிறுத்தி நொடியில் முடிவு கண்டனர். எழுத்தறிவு குறைந்தவரும் கையாளக்கூடிய கோல் அது.

தராசு பொய் சொல்லும் இடம் ஒன்றுண்டு. குவாஷியோர்க்கர் கண்ட பிள்ளையின் உடலில் நீர் கோத்துக் கால்கள் வீங்கும். நீரின் எடையால் தராசு முள் நல்ல எடையைக் காட்டும். சாகக்கிடக்கும் பிள்ளை ஏட்டில் கொழுத்த பிள்ளையாகிவிடும். ஆகலின் இரு புறங்காலையும் பெருவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துத் தனிப் பத்தியில் எழுதவேண்டும். இரு காலிலும் குழி விழுந்தால் எடை யாதாயினும் அது கடுமையான நோயே.

அளப்பவர் பிழையும் சிறிதன்று. விடைத்தாள் திருத்தியவர்க்கு இது விளங்கும்: தேர்ச்சிக்கு 35 என்றால் 34-உம் 33-உம் அரிதாகி, 35-இல் மதிப்பெண்கள் குவிந்து கிடக்கும். உயரம் அளப்போரும் களைத்தபின் 80, 85, 90 என்று முழு எண்ணாக எழுதத் தொடங்குவர். 2002 முதல் உருவாக்கப்பட்ட ‘ஸ்மார்ட்’ என்னும் முறையில் இதற்கு வழி உண்டு. களம் செல்லுமுன் ஒவ்வொருவரும் அதே பத்துப் பிள்ளைகளை இருமுறை அளக்கவேண்டும். தம் முதல் அளவோடும் பயிற்றுநர் அளவோடும் எவ்வளவு மாறுபட்டனர் என்று பார்க்கப்படும். பின்னர் அன்றாடம் மாலையில் கடைசி இலக்கங்களைக் கணினி எண்ணிப் பார்க்கும். 0-உம் 5-உம் மிகுந்தால் எந்தக் குழு சோர்ந்தது என்பது மறுநாள் காலைக்குள் தெரிந்துவிடும். வயது கேட்கும்போதும் ‘இரண்டு இருக்கும்’ என்ற விடையை ஏற்பதில்லை. தைப்பூசத்துக்கு முன்னா பின்னா, நோன்புப் பெருநாளுக்கு முன்னா பின்னா என்று ஊர்நிகழ்ச்சிப் பட்டியலைக் கொண்டு திங்களைப் பிடிப்பர்.

கணக்கெடுப்பு முடிந்து பிள்ளைகள் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தபின் வேறொரு ஏடு தொடங்குகிறது. வெளியேறியோருள் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டோர் நலம் பெற்றிருக்கவேண்டும். இறந்தோர் 10-க்குள்ளும், இடையில் நின்றோர் 15-க்குள்ளும் இருக்கவேண்டும் என்பது உலகளாவிய தொண்டு நிறுவனங்கள் ஏற்ற அளவு. இங்கேதான் கண் வேண்டும். வீட்டிலே இறந்த பிள்ளையையும் ‘இடையில் நின்றது’ என்றே ஏடு எழுதிக்கொள்ளும். இறப்பு விகிதம் அழகாகக் குறையும். நின்ற பிள்ளையின் குடிசைக்கு ஒருவர் நடந்து சென்று பார்த்தாலன்றி அந்த ஏட்டை நம்புதல் தகாது.

நம்மவர்க்கு நெருங்கிய சான்று இலங்கை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் 30 முகாம்களில் 878 பிள்ளைகளை அளந்தனர். உயரத்துக்கேற்ற எடையில்லாமல் மெலிந்தோர் நூற்றுக்கு 16 பேர். 15-ஐத் தாண்டினால் நெருக்கடி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு; எனவே ஆழிப்பேரலையே பிள்ளைகளை மெலிவித்தது என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் 2000-ஆம் ஆண்டு இலங்கைக் கணக்கெடுப்பிலேயே மெலிந்தோர் நூற்றுக்கு 14 பேர். அலை வருமுன்னரே பிள்ளைகள் மெலிந்திருந்தனர். முந்திய எண்ணை அருகில் வைத்தால்தான் பிந்திய எண் பேசும்.

அந்த முந்திய எண்ணையும் திறந்து பார்க்கவேண்டும். போர் காரணமாக 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் செல்லவே இல்லை. முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும், அதாவது அலை கொடிதாக அடித்த கரைகள், நூற்றுக்கு 14 என்னும் அந்த எண்ணுக்குள் இல்லை. அங்கிருந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் முன்பு எவ்வாறிருந்தனர் என்பதை அதைக்கொண்டு அறிய வழியில்லை. 2006-07-இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணம் சேர்ந்தது; வட மாகாணம் அப்போதும் விடுபட்டது. 25 மாவட்டங்களும் சேர்ந்த கணக்கு 2016-இல்தான் கிடைத்தது. ஆழிப்பேரலையின்போது கைக்குழந்தையாய் இருந்த பிள்ளைக்கு அப்போது வயது பன்னிரண்டு. அது அளக்கப்படும் வயதைக் கடந்து ஏழாண்டு ஆகியிருந்தது.